தொன்மக் கதைகளை மூலத்தோடு சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பல்வேறு நாடுகளின் தொன்மக் கதைகள், புனிதப் பொருள்கள், கடல்கொண்ட நாடுகள், மறைந்த நகரங்கள் ஆகியவற்றைப் பற்றித் தமிழ் நாளிதழ்களின் இணைப்பிதழ்களில் அடிக்கடி கட்டுரைகள் வெளிவருகின்றன. இளைய வாசகர்கள் பலர் கில்காமெஷ், ஒர்ஃபியூஸ், தோர் போன்ற பெயர்களை முதன்முதலாக அறிந்துகொள்வது இவற்றின் வழியாகத்தான் என்பதால், இவற்றை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் இக்கட்டுரைகளுள் பெரும்பாலானவை இரண்டே முடிவுகளை நோக்கிச் செல்கின்றன. கதையில் வந்த ஊர் அல்லது பொருள் உண்மையிலேயே கிடைத்துவிட்டது என்பது ஒரு முடிவு. உலகமெங்கும் சொல்லப்படுவது ஒரே கதைதான் என்பது மற்றொன்று. ஒரு கதையை முதலில் எழுதி வைத்த நூல் எது, அது எந்தக் காலத்தது, பின்வந்தவர்கள் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள், இன்று அதைத் தமதென்று போற்றுவோர் யார் என்ற செய்திகள் இவ்விரண்டு வகைக் கட்டுரைகளிலும் விடுபட்டுப் போகின்றன. அச்செய்திகளைக் கட்டாயம் சேர்த்து வெளியிட வேண்டும் என்று வேண்டிக்கொள்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அடிக்கடி எடுத்தாளப்படும் ஊழிவெள்ளக் கதையையே பார்ப்போம். 1872-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்மித், இன்றைய ஈராக்கில் இருந்த பழைய நினிவே நகரின் இடிபாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட களிமண் பலகை ஒன்றைப் படித்தபோது, பெருவெள்ளத்தில் மிதந்த மரக்கலம், அது தங்கிய மலை, நிலம் தேடி அனுப்பப்பட்ட பறவைகள் ஆகியவற்றை அதில் கண்டார். விவிலியத்தின் நோவா கதையோடு அது பல இடங்களில் நெருக்கமாக ஒத்துப் போனதால் அன்றைய ஐரோப்பா வியப்பில் ஆழ்ந்தது. அந்தப் பலகை, கில்காமெஷ் என்ற மன்னனைப் பற்றிய பழைய மெசபொத்தேமியக் காவியத்தின் 11-ஆம் பலகை. பறவைகளை அனுப்பிப் பார்ப்பது போன்ற நுட்பமான செய்திகள்கூட இரண்டிலும் ஒத்திருப்பதால், அண்டை நிலங்களில் வாழ்ந்த மக்களிடையே அக்கதை கைமாறியிருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை. ஆனால் இதே ஒப்புமையை நீட்டிக்கொண்டே போய், வேத நூலான சதபத பிராமணத்தின் மனு, கிரேக்கர்களின் தியூக்காலியன் ஆகியோரையும் ஒரே மூச்சில் சேர்த்து, எல்லாம் ஒன்றே என்று சொல்லும்போது அக்கதைகளின் உயிர்ப்பகுதி காணாமல் போய்விடுகிறது.

வெள்ளம் ஏன் வந்தது என்ற கேள்விக்கு ஒவ்வொரு கதையும் சொல்லும் விடை வேறு. பாபிலோனிய அத்ராகசிஸ் கதையில் மனிதர்கள் பெருகி எழுப்பும் இரைச்சலால் என்லில் என்ற தெய்வத்தின் உறக்கம் கெடுகிறது. அதனால்தான் வெள்ளம் ஏவப்படுகிறது. வெள்ளம் வடிந்தபின் மனிதர்கள் மீண்டும் அளவுக்கு மீறிப் பெருகாதிருக்கத் தெய்வங்கள் செய்யும் ஏற்பாடு படிப்பவர் நெஞ்சை உலுக்குவது: பிள்ளை பெறாத பெண்களும், குழந்தைகளைப் பறித்துச் செல்லும் பேயும், மணம் செய்யாத பூசாரிப் பெண்களும் இனி உலகில் இருப்பார்கள் என்று விதிக்கிறார்கள். குழந்தைகள் தொடர்ந்து இறந்துகொண்டிருந்த ஒரு சமூகம், அந்தத் துயரத்துக்குத் தான் கண்ட காரணத்தை இக்கதையில் பதிந்து வைத்திருக்கிறது என்றே நான் படிக்கிறேன். விவிலியத்திலோ காரணம் மனிதரின் தீமை. வெள்ளத்துக்குப் பின் இறைவன் இனி இவ்வாறு அழிப்பதில்லை என்று வானவில்லை அடையாளமாக வைத்து உடன்படிக்கை செய்கிறார். சதபத பிராமணத்தில் சினம் கொண்ட தெய்வமே இல்லை. கை கழுவக் கொண்டுவந்த நீரில் கிடைத்த சிறு மீன், தன்னைக் காக்குமாறு மனுவிடம் வேண்டுகிறது. அவர் அதைக் குடத்திலும், பிறகு குழியிலும், பிறகு கடலிலும் விட்டு வளர்க்கிறார். அந்த நன்றிக்காக அது வெள்ளம் வரும் காலத்தைச் சொல்லி, தன் கொம்பில் கட்டிய மரக்கலத்தை வடமலைக்கு இழுத்துச் செல்கிறது. கிரேக்கக் கதையின் தனிச்சிறப்பு வெள்ளத்துக்குப் பின்னர்தான் வருகிறது. தியூக்காலியனும் அவன் மனைவி பிர்ராவும் தோளுக்குப் பின்னே எறிந்த கற்கள் ஆண்களாகவும் பெண்களாகவும் எழுகின்றன.

கில்காமெஷ் காவியத்தில் இந்த வெள்ளக்கதை அமைந்திருக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். நண்பன் எங்கிடு இறந்த துயரத்தால் சாவுக்கு அஞ்சி அலையும் கில்காமெஷ், வெள்ளத்தில் பிழைத்துச் சாவில்லாமல் வாழும் உத்னபிஷ்டிமிடம் சென்று, அந்த வரம் உமக்கு எவ்வாறு கிடைத்தது என்று கேட்கிறான். அதற்கு விடையாகவே வெள்ளக்கதை சொல்லப்படுகிறது. ஒரே ஒரு முறை, ஒரே ஒரு மனிதனுக்கு, திரும்ப நிகழவே முடியாத சூழலில் கிடைத்த வரம் அது; உனக்குக் கிடைக்காது என்பதே அவ்விடையின் பொருள். ஆறு பகலும் ஏழு இரவும் உறங்காமல் இருந்து காட்டு என்ற சோதனையில் கில்காமெஷ் தோற்கிறான். இளமையை மீட்கும் செடியையும் பாம்பு ஒன்று கவர்ந்துபோகிறது. வெள்ளத்தை மட்டும் வெட்டியெடுத்து நோவாவின் பக்கத்தில் வைத்துவிட்டால், மனிதன் தன் சாவை ஏற்றுக்கொள்வதைப் பற்றிய இவ்வளவு பெரிய சிந்தனை வாசகருக்குக் கிடைக்காமலே போகிறது.

புனிதப் பொருள்களைப் பற்றிய கட்டுரைகளில் இயேசு கடைசி இரவுணவில் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் புனிதக் கிண்ணம் தவறாமல் இடம்பெறுகிறது. அது எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்ற தேடலும் உடன் வருகிறது. அக்கதையின் வரலாற்றை அறிந்தால் இத்தேடலின் அடிப்படையே ஆட்டம் காணும். 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியான் தெ த்ருவா எழுதி முடிக்காமல் விட்ட பெர்சிவல் கதையில்தான் அது முதன்முதலாக வருகிறது. அங்கே அது ஓர் அரண்மனை விருந்தின்போது ஏந்திச் செல்லப்படும் ஓர் அழகிய பாத்திரம் மட்டுமே. அது யாருக்கு உணவு கொண்டுபோகிறது என்று கேட்டிருந்தால் நோயுற்ற அரசர் குணமடைந்திருப்பார். அதிகம் பேசாதே என்று கற்பிக்கப்பட்ட இளைஞன் பெர்சிவல் வாய் திறவாமல் இருந்துவிடுகிறான். பின்னர் ரொபேர் தெ பொரோன் என்பவரே அதைக் கடைசி இரவுணவின் கிண்ணமாக ஆக்கினார். ஜெர்மானியக் கவிஞர் வோல்ஃப்ராம் வான் எஷன்பாக் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியபோது அதுவே ஒரு கல்லாக மாறியிருந்தது. சில பத்தாண்டுகளுக்குள் இவ்வளவு உருமாறிய ஒன்றை மண்ணுக்கடியில் எந்த வடிவில் தேடுவது? இத்தாலியின் ஜெனோவா நகரத் தேவாலயத்தில் மரகதத்தால் ஆனதென்று நம்பிப் போற்றப்பட்ட பச்சைப் பாத்திரம் ஒன்று, நெப்போலியன் காலத்தில் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டபின், கண்ணாடியே என்று தெரியவந்தது. உடைந்த நிலையில் ஊர் திரும்பியது. அதனால் பெர்சிவல் கதையின் மதிப்பு அணுவளவும் குறைந்துவிடவில்லை. கேட்க வேண்டிய நேரத்தில் பிறர் துன்பத்தைப் பற்றி ஒரு சொல் கேட்காமல் இருந்துவிட்ட இளைஞனின் கதை அது. அந்தக் குறை எந்த அருங்காட்சியகத்துப் பொருளையும் சார்ந்ததன்று.

இவ்விடத்தில் மணிமேகலையின் அள்ளக் குறையாத அமுதசுரபியை நினையாமல் இருக்க முடியாது. வள்ளல் பாத்திரங்கள் உலகில் பல உண்டு. அயர்லாந்தின் தெய்வமான தாக்தா வைத்திருந்த கொப்பரை யாரையும் பசியோடு அனுப்பாது; ஃபின்லாந்துக் காவியமான கலேவலாவில் கொல்லன் இல்மரினன் செய்த சம்போ என்ற மந்திர ஆலை மாவும் உப்பும் பொன்னும் அரைத்துக்கொண்டே இருந்து, களவாடப்பட்டுக் கடலில் உடைகிறது; மகாபாரதத்தின் அட்சய பாத்திரம் அன்றன்றைக்குத் திரௌபதி உண்ணும் வரையில் மட்டும் சுரக்கும். இவற்றைப் பட்டியலிட்டு, நம்முடையதும் இவற்றுள் ஒன்று என்று நிறுத்திக்கொள்ளும் கட்டுரை, சாத்தனார் செய்ததைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. மணிமேகலைக்கு முன் அமுதசுரபியை வைத்திருந்த ஆபுத்திரன் அதை எந்தப் போரிலும் வெல்லவில்லை, எங்கும் தேடிப் போகவுமில்லை. மதுரையில் இரந்துண்ட அவன், கண் தெரியாதவரையும் காது கேளாதவரையும் கால் முடமானவரையும் காப்பாரற்றவரையும் முதலில் உண்பித்து, மிஞ்சியதை உண்டு, பிச்சை ஏற்கும் திருவோட்டையே தலையணையாக வைத்து உறங்கியவன். மழை பெய்த நள்ளிரவொன்றில் பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் கலங்கியபோதுதான் சிந்தாதேவி என்ற தெய்வம் அப்பாத்திரத்தை அளிக்கிறாள்.

அதற்குப்பின் வரும் பகுதிக்கு இணையாக ஒன்றை வேறெந்த நாட்டுப் பாத்திரக் கதையிலும் நான் படித்ததில்லை. அறத்தின் பயனாக வேண்டும் வரத்தைக் கேள் என்று வந்த இந்திரனிடம், பசித்தவரே இல்லாத உன் உலகில் எனக்கு என்ன வேலை என்ற பொருள்பட ஆபுத்திரன் சிரிக்கிறான். சினந்த இந்திரன் அவனைத் தண்டிக்கும் வழி, நாடெங்கும் மழையைப் பெய்வித்து வளத்தைக் கொடுத்துவிடுவது. பசித்தவர் இல்லாமற்போக, குறையாத பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உண்ண வருவார் ஒருவரும் இன்றி அவன் ஊர் ஊராகத் திரிகிறான். சாவக நாட்டில் மழையின்றி மக்கள் மடிகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறியவன், வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியபோது தனித்து விடப்படுகிறான். பிறருக்குப் பயன்படாத பாத்திரம் தன் ஒருவன் வயிற்றை நிரப்புவதற்கு எதற்கு என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான். ஆண்டுக்கு ஒரு நாள் நீரின்மேல் தோன்றும் அப்பாத்திரம் பின்னர் மணிமேகலையின் கைக்கு வருகிறது, ஆதிரை முதல் பிச்சை இடுகிறாள், காயசண்டிகையின் தீராப் பசி தீர்கிறது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. அரசரின் நோயைச் சுற்றி அமைந்த ஐரோப்பியக் கதையையும் ஊராரின் பசியைச் சுற்றி அமைந்த இந்தத் தமிழ்க் கதையையும் அருகருகே வைத்து, எது எங்கே வேறுபடுகிறது என்று காட்டும் கட்டுரை தங்கள் இதழில் வந்தால், பள்ளி மாணவர்கள் முதல் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் வரை அனைவருக்கும் அது பயன்படும்.

தொன்ம இடங்களைப் பற்றிய கட்டுரைகளில்தான் தவறுகள் மிகுதி. கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் அட்லாண்டிஸ் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று, கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் பிளேட்டோ எழுதிய திமேயஸ், கிரிட்டியாஸ் என்ற இரண்டு உரையாடல்களே. செருக்குற்ற கடல் வல்லரசு ஒன்றைப் பழைய ஏதென்ஸ் தோற்கடித்தது என்று காட்டுவதற்காக அவர் அதைச் சொல்கிறார். இரண்டாம் நூலோ, கிரேக்கத் தெய்வங்களின் தலைவரான சியூஸ் பேசத் தொடங்கும் இடத்தில் வாக்கியம் முடியாமலே நின்றுவிடுகிறது. 1882-இல் அமெரிக்கரான இக்னேஷியஸ் டானலி அதை உலக நாகரிகங்கள் அனைத்துக்கும் தாயகம் என்று எழுதிய பிறகுதான் இன்று நாம் அறியும் அட்லாண்டிஸ் மோகம் பரவியது. ஹோமரின் காவியத்தில் வரும் ட்ராய் நகரின் செய்தி வேறு. துருக்கியின் ஹிசார்லிக் மேட்டில் அந்நகரின் அடுக்குகள் உண்மையாகவே கிடைத்தன. ஆனால் 1873-இல் ஹைன்ரிக் ஷ்லீமன் எடுத்து, மன்னன் பிரியமின் புதையல் என்று அறிவித்த பொன்னணிகள், ட்ரோஜன் போர் நடந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. கதையை மெய்ப்பிக்கும் அவசரத்தில் அவர் தோண்டிய ஆழமான அகழி, இடையில் இருந்த அடுக்குகளைப் பெரிதும் சிதைத்துவிட்டது.

நம் கடல்கோள் செய்திகளுக்கும் இதே கவனம் தேவை என்பதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். பஃறுளியாற்றைப் புறநானூறு பாடுகிறது. பஃறுளியாற்றோடு குமரிக்கோடு என்ற மலையையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. கடல்கொண்ட தென்மதுரையையும் கபாடபுரத்தையும் இறையனார் களவியல் உரை சொல்கிறது. எழுநூற்றுக் காவதம், நாற்பத்தொன்பது நாடுகள் என்ற விரிவான கணக்கை அடியார்க்கு நல்லார் உரை தருகிறது. பாட்டிலிருந்து காப்பியத்துக்கும், காப்பியத்திலிருந்து உரைகளுக்கும் செய்தி வளர்ந்து வரும் இந்த வரிசையே ஓர் அரிய வரலாறு. லெமூரியா என்பதோ 1864-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் பிலிப் ஸ்க்லேட்டர், மடகாஸ்கர் தீவின் லெமூர் இன விலங்குகள் எவ்வாறு பரவின என்பதை விளக்கக் கற்பித்த ஒரு நிலப்பரப்பு. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் வெகனர் முன்வைத்த கருத்து, 1960-களில் நிலத்தட்டுக் கொள்கையாக உறுதிப்பட்டபோது, அந்தக் கற்பிதத்துக்கு அறிவியலில் வேலையில்லாமல் போயிற்று. இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்து எழுதுவதால், லெமூரியா பொய்த்த அன்றே நம் இலக்கியச் சான்றுகளும் பொய்த்துவிட்டன என்று பிறர் சொல்ல இடம் கொடுக்கிறோம். இளங்கோவடிகளுக்கு ஸ்க்லேட்டரின் துணை தேவையில்லை. கடலிடம் நிலத்தை இழந்த மக்களின் நினைவு என்ற அளவிலேயே அந்த வரிகள் ஆராயத்தக்கவை.

தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட தொன்மம் உயிர்களையும் பறித்திருக்கிறது. எல் டொராடோ என்பது தொடக்கத்தில் ஓர் இடமே அன்று. இன்றைய கொலம்பியாவில் முயிஸ்கா மக்களின் தலைவர், உடலெங்கும் பொன்துகள் பூசிக்கொண்டு குவாத்தவிட்டா ஏரியில் தெய்வத்துக்குப் பொன்னைக் காணிக்கையிடும் சடங்கைக் குறித்த செய்தி. ஸ்பானியர் செவியில் அது பொன் நகரமாயிற்று. 1580-களில் ஏரியை வற்றச் செய்வதற்காக அதன் கரையை வெட்டினார்கள். அது சரிந்து தொழிலாளர்கள் மாண்டனர். அந்த வெட்டு இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. பொன் நகரைத் தேடி ஆங்கிலேயரான வால்ட்டர் ராலே 1595-இல் கயானாவுக்குச் சென்றார். இரண்டாம் பயணத்தில் மகனை இழந்து, 1618-இல் தலை வெட்டப்பட்டு இறந்தார். 1969-இல் பாஸ்கா என்ற ஊரருகே குகையொன்றில், தலைவர் ஒருவர் பரிவாரத்தோடு நிற்கும் சிறு பொன்தெப்பம் கிடைத்தது. சடங்குதான் மெய், நகரம் அன்று.

இன்னொரு செய்தியையும் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். சில புனிதப் பொருள்களும் இடங்களும் பழங்கதையாகிவிடவில்லை. இன்றும் வழிபாட்டில் உள்ளன. பத்துக் கட்டளைகள் பொறித்த கற்பலகைகளை வைத்திருந்ததாக விவிலியம் சொல்லும் உடன்படிக்கைப் பேழை எத்தியோப்பியாவின் அக்சும் நகரில் இருப்பதாக அந்நாட்டுக் கிறித்தவர்கள் நம்புகிறார்கள். அதைக் காக்கும் துறவியைத் தவிர வேறொருவரும் பார்ப்பதில்லை. அப்பேழையைக் குறிக்கும் தாபோத் என்ற பலகை அந்நாட்டின் ஒவ்வொரு தேவாலயத்திலும் உண்டு. குருமார் அல்லாதவர் அதைக் காணலாகாது. 1868-இல் மக்தலா கோட்டையைத் தாக்கிய பிரிட்டிஷ் படையினர் தாபோத்துகள் பலவற்றைக் கவர்ந்து சென்றனர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் 11 தாபோத்துகள் காட்சிக்கு வைக்கப்படுவதில்லை. யாரும் பார்க்காத பொருளை ஓர் அருங்காட்சியகம் வைத்திருப்பது எதற்கு என்று எத்தியோப்பியர் கேட்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. ஜப்பானின் கண்ணாடி, வாள், மணி ஆகிய மூன்று அரச சின்னங்களும் மக்கள் பார்வைக்கு வருவதில்லை. 2019 மே 1 அன்று பேரரசர் நருஹித்தோ பொறுப்பேற்றபோதும் வாளும் மணியும் மூடிய பேழைகளிலேயே கொண்டுவரப்பட்டன. ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை, அனங்கு மக்களின் முன்னோர் கதைகள் பதிந்த திருத்தலம். அதன்மேல் ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. இத்தகையவற்றைப் பற்றி எழுதும்போது, மர்மம் விலகியது, இரகசியம் அம்பலம் என்றெல்லாம் தலைப்பிடுவது அம்மக்களின் மனத்தைப் புண்படுத்தும். நம் கருவறைகளைப் பற்றி அயல்நாட்டுப் பத்திரிகை ஒன்று அவ்வாறு எழுதினால் நமக்கு எவ்வாறு இருக்கும் என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

தொன்ம மாந்தரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வட ஐரோப்பியத் தொன்மங்களில் வரும் தோர், லோகி ஆகியோரைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி, ஐஸ்லாந்து கிறித்தவ நாடாகி இரண்டு நூற்றாண்டுகள் கழிந்தபின், 13-ஆம் நூற்றாண்டில் ஸ்னோரி ஸ்டர்லூசன் என்ற கிறித்தவ அறிஞர் கவிதைக் கலையைக் கற்பிப்பதற்காக எழுதி வைத்தது. மெதூசா, கிரேக்கக் கவிஞர் ஹெசியடின் நூலில் கோர்கன் என்ற அரக்கியர் மூவருள் ஒருத்தி; ரோமக் கவிஞர் ஓவிடின் நூலிலோ, ஆலயத்தில் கடல் தெய்வத்தால் கெடுக்கப்பட்டு, அதற்காகத் தானே தண்டிக்கப்பட்ட அழகிய பெண். எந்த நூலின் மெதூசா என்று குறிப்பிடாமல் எழுதினால், வாசகர் பாதி அரக்கியையும் பாதி அபலையையும் சேர்த்துக் குழம்புவார்.

ஆகவே, தொன்மங்கள் குறித்த ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும், அக்கதையைத் தரும் மிகப் பழைய நூல், அதன் ஏறத்தாழக் காலம், பிற்காலச் சேர்க்கைகள் ஆகியவற்றை மூன்று நான்கு வரிகளில் தருமாறு வேண்டுகிறேன். அண்மைக்காலக் கற்பனைகளைப் பழந்தொன்மங்களோடு கலக்காமல் பிரித்துக் காட்டவும் வேண்டும். மலைகளுக்கிடையே மறைந்த இன்பபுரியாகச் சொல்லப்படும் ஷாங்ரி-லா 1933-இல் வெளிவந்த ஓர் ஆங்கில நாவலில் பிறந்த பெயர். 2001-இல் சீனா தன் மலைப்பகுதி ஒன்றுக்கு அப்பெயரைச் சூட்டியதால் அது தொன்மையாகிவிடாது. ஏற்கெனவே வெளியான கட்டுரைகளில் லெமூரியாவும் கடல்கொண்ட தென்னாடும் ஒன்றெனக் குறிக்கப்பட்டிருந்தால், அதற்கு ஒரு விளக்கக் குறிப்பை வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்